படகுக்காரனின் குடை

அத்தியாயம் 9

திருட்டுப் போன புத்தகத்தை உலகமே ஓசியில் படித்துக்கொண்டிருந்தது. புகார் கொடுத்தவர்கள் மட்டும்தான் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. சோடாவுக்கு அன்று காலையில் கிடைத்த ஒரே சிரிப்பு அதுதான்.

சோடா என்பது பட்டப்பெயர். வாயைத் திறந்தால் பொங்கும், அதனால் மேடம் வைத்தது. பத்து வருடம் வாடகைக் கார் ஓட்டிவிட்டு, ஒருநாள் சவாரியாக ஏறிய மேடத்திடம் வேலைக்குச் சேர்ந்துவிட்டவன். மேடம் முன்பு ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்குகளைப் பிடிக்கும் வேலையில் இருந்தவள். இப்போது மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை, இரண்டு நாற்காலி, வாசலில் ‘துப்பறியும் நிலையம்’ என்று ஒரு பலகை. மழைக்காலத்தில் பலகையில் பாதி எழுத்து அழிந்து, வருகிறவர்கள் இதைத் துணி வெளுக்கும் கடை என்று நினைத்துச் சட்டையோடு வந்து நிற்பதும் உண்டு.

களவு போனது ‘கலங்கரைப் பூனை’யின் ஏழாம் பாகம். கலங்கரை விளக்கில் வாழும் ஒரு பூனை துப்பறியும் கதை. அதற்காகப் பிள்ளைகள் உயிரை விடுவார்கள். எழுதுவது அண்ணன், படம் வரைவது தம்பி. ஏழாம் பாகம் கடைக்கு வந்த அதே வாரத்தில் முழுப் புத்தகமும் இணையத்தில் இலவசமாக வந்துவிட்டது. விற்பனை படுத்துவிட்டது. யார் வெளியே விட்டது என்று இன்று சாயங்காலத்துக்குள் தெரிந்தால் அந்த ஆள்மீது வழக்கு. தெரியாவிட்டால் எட்டாம் பாகம் கிடையாது, தொடரையே ஊற்றி மூடிவிடுவோம் என்று பதிப்பகத்தின் வக்கீல் சொல்லிவிட்டார். எழுத்தாளர் புகாரில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பெயர் வேண்டும், எனக்குப் பெயர்தான் வேண்டும் என்று மேடத்தின் மேஜையைத் தட்டிவிட்டுப் போயிருந்தார். அந்த மனுஷருக்கு அந்தப் பூனையை விட்டால் வேறு பிழைப்பும் கிடையாது, வேறு பிள்ளையும் கிடையாது.

“எழுத்தாளர் களவுப் பொருளை என் கையால தொட மாட்டேன்னுட்டார்,” என்றான் சோடா. “வக்கீலும் தொடலை. கடைசியில நாமதான் மேடம் தொட்டிருக்கோம். போலீஸ் வந்தா முதல்ல நம்மளத்தான் பிடிக்கணும்.”

மேடம் கைப்பேசியில் அந்தத் திருட்டுப் பிரதியைப் படித்துக்கொண்டிருந்தாள். இணையத்தில் திருட்டுப் பிரதி பரவுகிற விவகாரம் சோடாவுக்கு ஓரளவு தெரியும். ஒருவன் ஒன்றை இறக்கினால், இறக்கிய கையோடு அடுத்தவனுக்கு ஏற்றியும் விடுகிற ஏற்பாடு. டிக்கெட் எடுக்காமல் பஸ்ஸில் தொற்றியவன் அடுத்தவனுக்கும் கை கொடுத்துத் தூக்குவதைப்போல. முதலில் தொற்றியவன் யார் என்று கண்டுபிடிப்பது லேசில் ஆகிற காரியமில்லை.

“இதுல ஒரு படம்கூட இல்லை,” என்றாள் மேடம். “கவனிச்சியா?”

“திருடினவனுக்குப் படம் வரையத் தெரியாது போல.”

“படத்தைப் போட்டோ எடுத்துப் போட எவ்வளவு நேரமாகும்? ஆனா இவன் ஒவ்வொரு படத்தையும் வார்த்தையில சொல்லியிருக்கான். படி.”

சோடா படித்தான். ‘படம்: நீங்கள் கரையில் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு படகு உங்களைப் பார்த்து வருகிறது. படகுக்காரன் முனையில் நிற்கிறான். அவன் வலது அக்குளில் ஒரு குடை, மடக்கிய குடை. பூனை அவன் காலுக்குப் பக்கத்தில், உங்கள் இடது கைப் பக்கம். கடல் சத்தமில்லாமல் இருக்கிறது.’

அவன் இரண்டாம் தடவை படித்தான். திருட்டுப் பயல் ஒருவன் இவ்வளவு பதவிசாகப் பேசி அவன் கேட்டதில்லை.

“இது கண்ணு தெரியாதவங்களுக்காகச் செஞ்சது மேடம்.”

மேடம் தலையை ஆட்டினாள். அதற்குள் அவள் வக்கீலுக்கு ஃபோன் போட்டு, பார்வை இல்லாதவர்களுக்காக ஒருவர் புத்தகத்தை மாற்றி எழுதினால் அது குற்றமா என்று கேட்டிருந்தாள். குற்றமில்லை, அதற்குச் சட்டமே இடம் கொடுக்கிறது, ஆனால் அதைப் பூட்டி வைத்து அவர்களுக்கு மட்டும்தான் கொடுக்க வேண்டும், ஊருக்கே திறந்து விட்டால் எந்த நல்ல எண்ணமும் செல்லாது, அது திருட்டுதான் என்று வக்கீல் அடித்துச் சொல்லியிருந்தார்.

பிறகு மேடம் கடையில் வாங்கிய அச்சுப் புத்தகத்தைப் பிரித்து அதே பக்கத்தைக் காட்டினாள். படகு இருந்தது. பூனை இருந்தது. படகுக்காரனும் இருந்தான். ஆனால் அவன் கையில் குடை இல்லை. கையை உயர்த்தி ஒரு லாந்தர் விளக்கைப் பிடித்திருந்தான்.

“ஆளு அரைத் தூக்கத்துல பார்த்திருப்பான்,” என்றான் சோடா.

“பூனை எந்தப் பக்கம்னு சரியாச் சொல்றவன், லாந்தரைப் பார்த்துக் குடைங்கறானா? எழுந்திரு. பதிப்பகத்துக்குப் போவோம்.”

பதிப்பகத்தில் கணினியில் பக்கங்களை வடிவமைக்கிற வேலை ஒரு அக்காவுடையது. அட்டைக் குவியல்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். இரண்டு கணினி, ஆறிப்போன டீ, கழுத்து வலிக்குப் போட்ட ஒரு பட்டை. குடை என்ற வார்த்தையைக் கேட்டதுமே, அட, அந்தக் குடைச் சண்டையா என்று சலித்துக்கொண்டார்.

அவர் சொன்ன கதை இதுதான். ஓவியர் அனுப்பிய படத்தில் குடைதான் இருந்தது. எழுத்தாளர் பார்த்துவிட்டுக் குதித்தார். கதையில் மழையே இல்லை, அது ராத்திரி, லாந்தர் என்றுதான் எழுதியிருக்கிறேன், இவன் படிக்கவே இல்லை என்றார். மாற்றித் தரச் சொல்லி ஓவியருக்கு எத்தனையோ தடவை சொல்லி அனுப்பியும் அவர் அசையவில்லை. அண்ணனே ஃபோனில் கூப்பிட்டு, உனக்குத் திமிர் தலைக்கேறிவிட்டது என்று இதே அறையில் நின்று கத்தினார். தம்பி ஒரு வார்த்தை பேசாமல் வைத்துவிட்டார். அப்புறம் இவர்களே கணினியில் குடையை அழித்துவிட்டு ஒரு லாந்தரை ஒட்டினார்கள். அன்றையிலிருந்து அண்ணனுக்கும் தம்பிக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

“மாத்தினது தம்பிக்குத் தெரியுமா?” என்று மேடம் கேட்டாள்.

“நாங்க சொல்லலை. புத்தகம் அவருக்குப் போச்சே, பார்த்திருப்பாரு.”

வெளியே வந்ததும் சோடா விரலைச் சொடுக்கினான். குடையிருந்த படத்தைப் பார்த்தது இந்த அக்கா, அண்ணன், தம்பி, அவ்வளவுதான். அக்காவுக்குத் தன் டீயைக் குடிக்கவே நேரமில்லை. அண்ணன் புகார் கொடுத்தவர். மிச்சம் தம்பி. சண்டைக் கோபத்தில் அண்ணன் பிழைப்பில் மண்ணைப் போட்டிருக்கிறான். கேஸ் முடிந்தது, வாருங்கள் சாப்பிடலாம் என்றான்.

மேடம் காரில் ஏறியதும் முதல் பாகத்தையும் ஏழாம் பாகத்தையும் மடியில் விரித்துவைத்தாள். “விரலைப் பாரு.”

முதல் பாகத்தில் எல்லாம் விரல்தான். கயிறு முடிகிற விரல், பூனையின் காதைச் சொறிகிற விரல், நகக்கண்ணில் அழுக்கு முதற்கொண்டு. ஏழாம் பாகத்தைப் புரட்டினான். மீன்காரி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மாலுமியின் கை சட்டைப் பைக்குள் இருந்தது. காவலன் கையைப் பின்னால் கட்டியிருந்தான். புத்தகம் முழுக்க ஓர் ஆளுக்கும் விரல் இல்லை. ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது: ஒட்டுப்போட்ட அந்த லாந்தரின் பிடியில்.

“குடையை அக்குள்ல இடுக்கினா கை மறைஞ்சுடும். ஒரு நீளக் கோடு போட்டாப் போதும்,” என்றாள் மேடம். “லாந்தர்னா கம்பி வேணும், கண்ணாடி வேணும், அஞ்சு விரல் வேணும். அந்த ஆளு கதையைப் படிக்காம குடை போடலை. அவரால லாந்தர் போட முடியலை.”

“கையில ஏதாவது நோவா?”

“கையில நோவுன்னா புத்தகத்தைப் பார்க்க முடியுமே சோடா. வீட்டுக்கு வந்த புத்தகத்துல லாந்தர் இருக்கறதைப் பார்த்திருப்பாரே. அப்புறம் ஏன் குடைன்னு சொல்றாரு?”

சோடாவுக்கு அப்போது புரிந்தது. புரியாமலே இருந்திருக்கலாம் என்று நினைத்தான். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருந்தான்.

எழுத்தாளரை அவர் வீட்டு வாசலில் ஏற்றிக்கொண்டார்கள். பெயரை அங்கே போய்ச் சொல்கிறேன், அதுவரை எதுவும் கேட்கக் கூடாது என்று மேடம் நிபந்தனை போட்டிருந்தாள். இரண்டு திருப்பம்வரை அவர் சும்மா இருந்தார். மூன்றாவது திருப்பத்தில் அவர் முகம் இறுகியது.

“இது என் தம்பி வீட்டுக்குப் போற வழி.”

சோடா வேகத்தைக் குறைக்கவில்லை.

“அவனா?” என்றார். பிறகு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “தம்பின்னு பார்க்க வேண்டாம். பேரை எழுதிக் குடுத்துடுங்க. அவன் என்னைப் பார்த்தானா? நான் ஏன் பார்க்கணும்?” என்றார். அதைச் சொல்லும்போது அவர் உதடு கோணியது. முன் கண்ணாடியில் சோடா அதைப் பார்த்துவிட்டான்.

அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளம். நாங்கள் முதலில் பேசுகிறோம், நீங்கள் காரிலேயே இருங்கள் என்று மேடம் அவரிடம் கெஞ்சாத குறையாகச் சொன்னாள். கதவைத் திறந்தது தம்பியின் மனைவி. துப்பறியும் நிலையம் என்றதும் அந்தப் பெண்ணின் தோள் தளர்ந்தது. இத்தனை நாள் இதற்காகவே காத்திருந்தவளைப்போல, வாங்க என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, படத்தில் லாந்தர் இருப்பதை மட்டும் அவரிடம் சொல்லிவிட வேண்டாம் என்றாள். எனக்கே சொல்ல மனசு வரவில்லை என்றாள். ஆக, மேடம் நினைத்தது சரி. சரியாகிப்போனதற்காக மேடம் சந்தோஷப்படவில்லை.

அறை சுத்தமாக இருந்தது, வேண்டாத அளவுக்குச் சுத்தம். நாற்காலிகள் சுவரோடு ஒட்டியிருந்தன. நடுவில் கால் இடற ஒரு பொருள் இல்லை. வரைகிற மேஜைமேல் பென்சில்கள் வரிசையாக இருந்தன, எல்லாம் சீவியபடி, ஒன்றுகூடத் தேயாமல். ஓவியர் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். மேடம் நின்ற இடத்துக்கு ஒரு முழம் தள்ளிப் பார்த்துச் சொன்னார்.

அவர் எதையும் மறுக்கவில்லை. கண்ணுக்கு நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு வந்தது, அது பெரிதாகிக்கொண்டே வந்தது, ஏழாம் பாகத்தை முகத்தைக் காகிதத்தில் ஒட்டிவைத்துத்தான் வரைந்தேன் என்றார். திருத்தம் கேட்டபோது பொட்டு முழுசாக மூடிவிட்டதாம். அண்ணன் அனுப்பிய கதை கணினியில் இருந்தது. அது வாசிக்க வாசிக்கக் கேட்டு, படம் வருகிற இடத்தில் எல்லாம் நினைவிலிருந்து வாயால் சொல்லிச் சேர்த்தார். பார்வையற்றோர் படிப்பகம் ஒன்றுக்குத்தான் கொடுத்தார். அங்கே உறுப்பினராக இருந்தால்தான் அந்தக் கோப்பின் பூட்டுத் திறக்கும்.

“அதோட விட்டிருந்தா ஒண்ணும் இல்லை,” என்றாள் மேடம். “யாரு திறந்து விட்டது?”

“நான்தாங்க. ஒரு அம்மா ஃபோன் பண்ணாங்க. அவங்க ஊர்ல படிப்பகமே கிடையாது. அவங்க பொண்ணுக்குப் பிறந்ததுல இருந்து பார்வை இல்லை. பூனை எப்படி இருக்கும்னு கேட்டுக்கிட்டே இருக்காளாம். அவளுக்கு மட்டும் எப்படிக் குடுக்கறதுன்னு எனக்குத் தெரியலை. பூட்டை எடுத்துட்டேன். அப்புறம் அது எங்கெங்கயோ போயிடுச்சு. என்னால பிடிக்க முடியலை.”

அப்போதுதான் சோடா வாசலைப் பார்த்தான். திறந்திருந்த கதவில் எழுத்தாளர் நின்றுகொண்டிருந்தார். எத்தனை நேரமாக நின்றாரோ. தம்பியின் மனைவி அவரைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பார்க்க முடியாத ஒரு மனிதர் முன்னால் இப்படி ஓர் ஆள் ஒளிந்து நிற்பது சோடாவுக்குப் பிடிக்கவில்லை. சொல்லிவிடலாமா என்று மேடத்தைப் பார்த்தான். மேடமும் என்ன செய்வதென்று தெரியாமல்தான் நின்றாள்.

“பேரு என் பேரையே குடுத்துடுங்க,” என்றார் ஓவியர். “ஒண்ணு மட்டும் செய்யணும். கண்ணு போனதை அண்ணன்கிட்ட சொல்லாதீங்க.”

“ஏன் சார்?” என்றான் சோடா.

“என் தம்பி வரையலைன்னா நான் எழுத மாட்டேன்னு மேடைக்கு மேடை சொன்னவன் அவன். தெரிஞ்சா பேனாவை மூடி வெச்சுடுவான். என்மேல கோபமா இருந்தா வேற யாரையாவது வெச்சு எழுதுவான். கோபமாவே இருக்கட்டும். குருடன்ங்கறதைவிடத் திருடன்ங்கறது பரவாயில்லை.”

வாசலில் நின்றவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

ஓவியர் மேஜையைத் தடவி ஏழாம் பாகத்தை எடுத்தார். முதுகு மடியாத புதுப் புத்தகம். அதைச் சோடா இருந்த பக்கம் நீட்டி, கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டே கேட்டார்.

“நீங்க பார்த்துச் சொல்லுங்களேன். படகுக்காரன் படம். எனக்குக் கடைசியா வந்த படம் அது. குடை நல்லா விழுந்திருக்கா?”

சோடா வாங்கிப் பக்கத்தைத் திருப்பினான். லாந்தர் பளபளத்தது. எந்தப் போலீஸ்காரனையும் பேசியே சமாளித்த வாய். அதில் ஓர் எழுத்து எழும்பவில்லை.

“நல்லா இருக்குடா,” என்று வாசலிலிருந்து குரல் வந்தது. “குடை நல்லா விழுந்திருக்கு.”

ஓவியர் புத்தகம் நீட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்ல நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். அண்ணா என்று உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. எழுத்தாளர் உள்ளே வந்து அவர் காலடியில் தரையிலேயே உட்கார்ந்தார். தம்பியின் முகத்தைப் பார்த்தார். கண்ணைப் பார்த்தார். இத்தனை மாதம் நான் வாசல்படி மிதிக்கவில்லையே என்று அழுதார். ஐம்பது வயதைத் தாண்டிய ஆள் பிள்ளையைப்போல அழுதார்.

மேடத்தின் கைப்பேசி அடித்தது. வக்கீல். நேரம் முடியப்போகிறது, பெயர் என்ன என்று அவர் கேட்பது கைப்பேசிக்கு வெளியிலேயே கேட்டது. மேடம் ஒரு கணம் யோசித்துவிட்டு, பேசாமல் கைப்பேசியை எழுத்தாளரிடம் கொடுத்தாள்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அந்தக் கதை என் கம்ப்யூட்டர்ல இருந்துதான் வெளிய போச்சு. அனுப்பினது நான். எழுதிக்கங்க.” அந்தப் பக்கம் வக்கீல் என்னென்னவோ பொரிந்தார். ஒப்பந்தத்தை மீறியது நீங்கள் என்றால் தொடர் முடிந்தது, எட்டாம் பாகம் இல்லை, உங்கள்மீதே வழக்கு வரும் என்றார். “தெரியும்,” என்றார் எழுத்தாளர். “புரிஞ்சுதான் சொல்றேன்.” கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை என்பதைச் சோடா கவனித்தான். தம்பிக்குக் கதையை அனுப்பியது அவர்தான். யாருக்கு என்று வக்கீல் கேட்கவில்லை. மேடம் அதைச் சொல்லப்போவதும் இல்லை. அவள் கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டு, புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“உன் பூனை போச்சே அண்ணா,” என்றார் ஓவியர்.

“போகட்டும்டா.”

சோடா திறந்தபடி நீட்டிய புத்தகத்தை ஓவியர் மடியில் வாங்கிவைத்து அந்தப் பக்கத்தை விரல்களால் தடவினார். வழுவழுப்பான காகிதம் அவருக்கு எதையும் சொல்லவில்லை.

“பொய் சொல்றப்போ உன் குரல் கொஞ்சம் கீழ இறங்கிடும்,” என்றார். “சின்ன வயசுல இருந்தே அப்படித்தான். படத்தை மாத்திட்டீங்களா?”

எழுத்தாளர் தலைகுனிந்துகொண்டார். தலைகுனிந்தது தம்பிக்குத் தெரியாது என்பது அப்புறம்தான் உறைத்தது. “மாத்திட்டோம்டா,” என்றார்.

“சரி. லாந்தர் எப்படி இருக்கு? எனக்குச் சொல்லு.”

எழுத்தாளர் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பதினாறு வருடமாகப் பக்கம் பக்கமாக எழுதியவருக்கு வார்த்தை கிடைக்கவில்லை.

“படகு உன்னைப் பார்த்து வருது,” என்றார் கடைசியில். “பூனை உன் இடது கைப் பக்கம். லாந்தர் இருக்கு. பிடிச்சிருக்கற விரல் நல்லால்லடா. நீ போட்ட மாதிரி இல்லை.”